உங்கள் விளையாட்டு என்ன?

அறுவை சிகிச்சை முடிந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. அன்றைய பயிற்சிகள் முடிந்ததும் பிசியோதெரபிஸ்ட் ஒரு தாளை நீட்டினார். என்னைவிடப் பதினைந்து வயதாவது இளையவர். "முட்டி நல்லா வந்துருச்சு மேடம். மனசு தயாரா இருக்கான்னு பார்க்கத்தான் இது" என்றார். ஆங்கிலத்தில் பன்னிரண்டு கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் பூஜ்யத்திலிருந்து நூறுக்குள் நமக்கு நாமே மதிப்பெண் போட்டுக்கொள்ள வேண்டும்.

தொடக்கத்திலேயே நின்றுவிட்டேன். காயத்துக்கு முன்பு ஆடிய அதே அளவுக்கு உங்கள் விளையாட்டை இனியும் ஆட முடியும் என்ற நம்பிக்கை இருக்கிறதா என்று கேட்டிருந்தது.

"உங்க ஸ்போர்ட் என்ன மேடம்?"

"ஒண்ணுமில்லம்மா. ஸ்கூட்டர்ல போனேன், மழைல சறுக்கி விழுந்தேன்."

"அப்போ நடக்கிறதுன்னு வச்சுக்கோங்க."

நடப்பதை என் விளையாட்டாக வைத்துக்கொண்டு பன்னிரண்டு கேள்விகளுக்கும் மதிப்பெண் போட்டேன். கூட்டிப் பார்த்தால் பாதிக்கும் கீழே வந்தது. "கொஞ்சம் மனவலிமை வேணும் மேடம்" என்று அந்தப் பெண் அன்பாகத்தான் சொன்னார். கல்லூரியில் இலக்கியம் கற்பிக்கிறவள் நான். எந்தப் பிரதியைக் கையில் எடுத்தாலும் இதை யார் பேசுகிறார்கள், யாரிடம் பேசுகிறார்கள், யாரை விட்டுவிட்டுப் பேசுகிறார்கள் என்று கேட்பது தொழில் பழக்கம். வீட்டுக்கு வந்து அந்தத் தாளையும் அப்படித்தான் வாசித்தேன். இந்தக் கட்டுரை அந்த வாசிப்பு.

*

முதலில் அந்தத் தாளுக்கு உரிய மரியாதையைச் செய்துவிடுகிறேன். முழங்காலுக்குள் தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் குறுக்காகக் கட்டி வைத்திருக்கும் தசைநார்களில் ஒன்றுக்கு முன் சிலுவைத் தசைநார் என்று பெயர். சுருக்கமாக ஏசிஎல். நம் ஊரில் 'ஜவ்வு கிழிஞ்சிருச்சு' என்று சொல்வதில் இதுவும் அடக்கம். பாதம் தரையில் ஊன்றியிருக்க, உடல் திரும்பினால் கிழியும். பெரும்பாலும் தொடையின் பின்பக்கத்திலிருந்தோ முழங்கால் சில்லின் கீழிருந்தோ தசைநாணை எடுத்து, எலும்பில் துளையிட்டு, புதிதாக ஒன்றைப் பொருத்துகிறார்கள். அது வேர் பிடித்து வலுப்பெற மாதங்கள் ஆகும். விளையாட்டுக்குத் திரும்ப ஒன்பது மாதமாவது பொறுக்க வேண்டும் என்பது இன்றைய பொதுவான அறிவுரை.

நீண்ட காலம் மருத்துவர்கள் மூட்டு ஆடுகிறதா, தசை வலுவாக இருக்கிறதா என்று மட்டும் அளந்தார்கள். மூட்டு சரியான பின்பும் பலர் களத்துக்குத் திரும்பவில்லை. ஏன் என்ற கேள்வியிலிருந்து பிறந்ததுதான் இந்தப் படிவம். மெல்பர்னில் கேட் வெப்ஸ்டர் என்ற ஆய்வாளரும் அவருடைய சகாக்களும் 2008இல் வெளியிட்டார்கள். பன்னிரண்டு கேள்விகளும் உணர்ச்சி, நம்பிக்கை, அபாயத்தைக் கணிப்பது என்ற மூன்று தளங்களில் அமைந்தவை. பயம் என்பது கோழைத்தனம் இல்லை, அதுவும் காயத்தின் ஒரு பகுதி, அளந்து பார்த்துக் கவனிக்க வேண்டியது என்று மருத்துவத்தை ஒப்புக்கொள்ள வைத்த தாள் அது. 2014இல் வந்த ஒரு பெரிய ஆய்வுத் தொகுப்பு, அறுவை சிகிச்சை செய்துகொண்ட ஏழாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் கணக்கைப் பார்த்தது. ஏதோ ஒரு விளையாட்டுக்குத் திரும்பியவர்கள் 81 சதவீதம். பழைய அளவுக்குத் திரும்பியவர்கள் 65 சதவீதம். போட்டிகளுக்குத் திரும்பியவர்கள் 55 சதவீதம். மனநிலை நன்றாக இருந்தவர்கள் அதிகம் திரும்பினார்கள். ஆண்களும் அதிகம் திரும்பினார்கள்.

கடைசி இரண்டு வாக்கியங்களையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். ஆண்கள் அதிகம் திரும்புகிறார்கள் என்றால், பெண்களுக்கு மனவலிமை குறைவு என்று பொருளா? அல்லது 'திரும்புவது' என்ற சொல்லிலேயே ஏதாவது இருக்கிறதா? திரும்புவதற்கு முதலில் ஓர் இடம் இருக்க வேண்டும். அங்கிருந்துதான் நாம் புறப்பட்டிருக்கவும் வேண்டும்.

*

எனக்கு விளையாட்டு எதுவும் இல்லை என்று அந்தப் பெண்ணிடம் சொன்னது பொய். எட்டாம் வகுப்புவரை நான் பள்ளிக் கபடி அணியில் இருந்தேன். பாடிப் போவதில் கெட்டிக்காரி என்று பெயர்.

தென்காசிப் பக்கம் எங்கள் ஊரில் 'குத்தவைப்பது' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. பாதங்களை ஊன்றி, முழங்காலை மடக்கி, பிட்டம் தரையில் படாமல் உட்காருவது ஒன்று. பெண் பூப்படைவது இன்னொன்று. எட்டாம் வகுப்பு முழுப்பரீட்சை லீவில் நான் குத்தவைத்தேன். ஜூனில் பள்ளி திறந்ததும் பி.டி. டீச்சர் வீடு தேடி வந்து கேட்டார். "இனிமே எதுக்கு டீச்சர்" என்று அப்பா சொன்னார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. மழை வருகிறது, துணியை எடு என்பதுபோலச் சொன்னார். அதோடு முடிந்தது.

முப்பது வருடம் கழித்து அறுவை சிகிச்சை செய்த மருத்துவர், "குத்தவைக்கவே கூடாது, இன்னும் கொஞ்ச நாளைக்கு" என்றபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கு ஏன் என்று புரியவில்லை. முதல்முறை குத்தவைத்ததற்காக ஓடக்கூடாது என்றார்கள். இந்த முறை ஓட வேண்டுமானால் குத்தவைக்கக்கூடாது என்கிறார்கள்.

ஆகவே 'காயத்துக்கு முன்பு ஆடிய அளவு' என்று அந்தத் தாள் கேட்கும்போது, எந்தக் காயத்துக்கு முன்பு என்று நான் திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது. என்னுடைய பழைய அளவு பதின்மூன்று வயதில் நின்றுபோனது. ஜவ்வு கிழிந்தது அதற்கு மிகவும் பிந்தியது.

*

அமெரிக்கத் தத்துவவாதி ஐரிஸ் மரியன் யங் 1980இல் ஒரு கட்டுரை எழுதினார். பெண்ணியம் படிக்கும் மாணவிகள் பலருக்கு அறிமுகமானதுதான். பெண்கள் ஏன் முழு உடலையும் செலுத்திப் பந்தை எறிவதில்லை என்ற சின்னக் கேள்வியிலிருந்து அவர் தொடங்குகிறார். உடற்கூறு காரணம் என்றும் பெண்ணின் இயல்பு காரணம் என்றும் சொன்னவர்களை மறுக்கிறார். 'என்னால் முடியும்' என்று முன்னால் போகும் உடலுக்குள்ளேயே 'முடியாது' என்ற தடையும் சேர்ந்து வளர்க்கப்படுகிறது என்கிறார். பெண் தன் உடலால் செயல்படுகிறாள். அதே நேரத்தில் பிறர் பார்க்கும் பொருளாகவும், உடைந்துவிடாமல் காக்க வேண்டிய பண்டமாகவும் அதைச் சுமக்கிறாள். அதனால் அவளுடைய அசைவு பாதியில் தயங்குகிறது.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு அந்தத் தாளை மறுபடி படித்தால் திடுக்கிடும். முழங்காலை நினைக்காமல் உங்களால் ஆட முடியுமா என்று ஒரு கேள்வி. தவறி விழுந்து காயம் படுமோ என்று அஞ்சுகிறீர்களா என்று ஒரு கேள்வி. இவற்றில் 'முழங்கால்' என்பதை எடுத்துவிட்டு 'உடம்பு' என்று போட்டால், பூப்படைந்த நாளிலிருந்து நாம் ஒவ்வொருவரும் பதில் சொல்லிக்கொண்டிருக்கும் கேள்விகள் அவை. உடம்பை நினைக்காமல் பேருந்தில் ஏற முடியுமா? தெருவில் ஓட முடியுமா? காயத்தின் விளைவு என்று அந்தத் தாள் அளக்கிற தயக்கத்தில் எவ்வளவு காயத்தினுடையது, எவ்வளவு வளர்ப்பினுடையது? இரண்டையும் கூட்டி ஒரே எண்ணாகத் தருகிறது தாள். பிறகு அந்த எண்ணை என் மனவலிமை என்று அழைக்கிறது.

யங்கின் கட்டுரையையும் நாம் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. தொழில்வளம் பெற்ற நாட்டுப் பெண்களைப் பற்றித்தான் எழுதுகிறேன் என்று அவரே எல்லை கட்டிக்கொள்கிறார். என் அம்மா இடுப்பில் ஒரு குடம், தலையில் ஒரு குடத்தோடு வரப்பில் நடந்தவள். நடவு வயலில் நாள் முழுக்கக் குனிந்து நின்றவள். அவள் உடம்பில் எந்தத் தயக்கமும் இருந்ததில்லை. உழைக்கும்போது முழு வலுவையும் செலுத்தலாம் என்று அந்த உடம்புக்கு அனுமதி இருந்தது. விளையாடும்போது மட்டும் இல்லை. நம் ஊரில் பெண்ணுடம்பு வேலைக்குத் திறந்தும் விளையாட்டுக்கு மூடியும் இருக்கிறது. யங்கை நாம் வாசிக்கும்போது இந்தத் திருத்தத்தோடு வாசிக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

*

அதே விளையாட்டை ஆடும் ஆண்களைவிடப் பெண்களுக்கு ஏசிஎல் கிழியும் வாய்ப்பு இரண்டிலிருந்து எட்டு மடங்குவரை அதிகம் என்று ஆய்வுகள் சொல்கின்றன. காரணமாக இடுப்பெலும்பின் அகலத்தைச் சொன்னார்கள். ஹார்மோனைச் சொன்னார்கள். மாதவிடாய்ச் சுழற்சியைச் சொன்னார்கள். 2022-23 பருவத்தில் லண்டனின் ஆர்சனல் பெண்கள் கால்பந்து அணியில் மட்டும் பெத் மீட், விவியன் மீடமா, லியா வில்லியம்சன், லாரா வீன்ராய்தர் என நான்கு பேருக்குக் கிழிந்தபோதும் இதே விவாதம்தான் எழுந்தது. உடல் காரணங்கள் ஒன்றுமே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் 2021இல் ஜோவான் பார்சன்ஸ், ஸ்டெபனி கோயன், ஷெரீ பெக்கர் ஆகிய மூன்று பெண் ஆய்வாளர்கள், கேள்வியை உடலுக்கு வெளியேயும் கேட்கச் சொன்னார்கள். சிறுவயதிலிருந்து யாருக்கு ஓடவும் குதிக்கவும் கற்றுத்தரப்படுகிறது? யாருக்கு நல்ல மைதானமும் பயிற்சிக் கூடமும் கிடைக்கிறது? கிழிந்த பிறகு யாருக்கு எப்படிப்பட்ட மறுவாழ்வுப் பயிற்சி கிடைக்கிறது? முழங்கால் கிழிவதற்கு வெகுகாலம் முன்பே பால்பேதம் அந்த முழங்காலை எட்டிவிடுகிறது என்பது அவர்கள் வாதம். கபடியை நிறுத்திய என் தெருவிலும் இது உண்மைதான்.

*

மனவலிமை என்ற சொல் உச்சத்தில் ஒலிப்பது விளையாட்டுச் செய்திகளில். வினேஷ் போகட்டைப் பற்றி எழுதப்பட்டவற்றை ஒருமுறை வரிசையாகப் படித்துப் பார்த்தேன். 2016 ரியோ ஒலிம்பிக் காலிறுதியில் சீன வீராங்கனையோடு மோதும்போது அவருடைய வலது முழங்கால் முறுக்கிக்கொண்டது. ஸ்ட்ரெச்சரில் தூக்கிச் சென்றார்கள். அறுவை சிகிச்சைக்குப் பிறகு வந்து 2018இல் காமன்வெல்த் தங்கமும் ஆசிய விளையாட்டுத் தங்கமும் வென்றார். 2023 ஆகஸ்டில் இடது முழங்கால். மறுபடி அறுவை சிகிச்சை. ஒரு வருடத்துக்குள், 2024 ஆகஸ்ட் 6 அன்று, பாரிஸ் ஒலிம்பிக்கில் ஒரே நாளில் மூன்று பேரை வென்று இறுதிக்குப் போனார். முதலாவதாகத் தோற்றவர் ஜப்பானின் யூயி சுசாகி. வெளிநாட்டு வீராங்கனை எவரிடமும் அதுவரை தோற்றிராதவர். அடுத்த நாள் காலை எடை பார்த்தபோது 50 கிலோவுக்கு மேல் 100 கிராம் இருந்ததால் வினேஷ் தகுதி நீக்கப்பட்டார்.

ஆகஸ்ட் 6 இரவுவரை அவர் பெண்சிங்கம். அசைக்க முடியாத மனவலிமையின் இலக்கணம். எனக்கும் அன்று இரவு தூக்கம் வரவில்லை. கட்டிலில் காலை நீட்டியபடி அந்த ஆட்டங்களைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். ஆனால் அந்தப் புகழுரைகளில் பல, 2023ஐ ஒரு முழங்காலின் கதையாகச் சுருக்கிவிட்டன. அந்த வருடம் ஜனவரியிலும் பிறகு ஏப்ரலிலிருந்தும் அவர் டெல்லி ஜந்தர் மந்தரில் உட்கார்ந்திருந்தார். மல்யுத்தக் கூட்டமைப்பின் அன்றைய தலைவர்மீது வீராங்கனைகள் சொன்ன பாலியல் துன்புறுத்தல் புகார்களை விசாரிக்கக் கோரி நடந்த போராட்டம் அது. அவர் அப்புகார்களை மறுத்தார். மே 28 அன்று புதிய நாடாளுமன்றத்தை நோக்கி நடந்தபோது போலீஸ் வினேஷைத் தரையில் அழுத்திப் பிடித்து இழுத்துப் போனது. பயிற்சி செய்ய வேண்டிய மாதங்கள் நடைபாதையில் போயின. அதன் பிறகுதான் ஆகஸ்டில் முழங்கால் கிழிந்தது. 53 கிலோ பிரிவில் இந்தியாவுக்கான இடத்தை அதற்குள் இன்னொரு வீராங்கனை பெற்றுத் தந்துவிட்டதால், தன் உடம்புக்கு இன்னும் கடினமான 50 கிலோவுக்கு இறங்கினார்.

போராட்டத்தையும் காயத்தையும் எடையையும் 'அத்தனை தடைகளையும் தாண்டி' என்ற ஒரே தொடரில் அடுக்கும்போது என்ன நடக்கிறது? தடைகள் வானிலைபோல ஆகிவிடுகின்றன. யார் வைத்த தடை, யார் அகற்றியிருக்க வேண்டிய தடை என்ற கேள்வி மறைகிறது. தாண்டியவளின் பெருமை மட்டும் மிஞ்சுகிறது. தாண்ட முடியாதவளுக்கு மனவலிமை போதவில்லை என்ற தீர்ப்பும் அந்தப் பெருமைக்குள்ளேயே மறைந்திருக்கிறது. வினேஷின் உறுதியை நான் குறைத்துச் சொல்லவில்லை. அவ்வளவு உறுதி ஒரு பெண்ணுக்குத் தேவைப்பட்டது யாருக்கு வெட்கம் என்றுதான் கேட்கிறேன்.

*

என் முழங்கால் இவ்வளவு பெரிய கதை இல்லை. ஆனாலும் மனவலிமையைப் பற்றி அது எனக்கு இரண்டு விஷயங்களைக் கற்றுக்கொடுத்தது.

ஒன்று: அறுவை சிகிச்சைக்கு மறுநாள் தொடையின் முன்பக்கத் தசையை இறுக்கச் சொன்னார்கள். முழு மனத்தையும் திரட்டி இறுக்கினேன். தசை அசையவில்லை. வலிகூட இல்லை, வெறும் மௌனம். எனக்கு அழுகை வந்துவிட்டது. மூட்டில் காயமும் வீக்கமும் இருக்கும்போது நரம்பு மண்டலமே அந்தத் தசைக்கான கட்டளையைக் குறைத்துவிடும் என்று பிறகு தெரிந்துகொண்டேன். மூட்டைக் காக்க உடம்பு தானாகச் செய்யும் அனிச்சைச் செயல். 'மனசு வச்சா முடியும்' என்று பார்க்க வந்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள். மனசு வைத்தேன். அது முடியவில்லை. வீக்கம் வடிந்து, ஒரே அசைவை நாளுக்குப் பலமுறை வாரக்கணக்கில் செய்த பிறகு ஒருநாள் தசை லேசாகத் துடித்தது. அங்கே வேலை செய்தது நேரமும் திரும்பத் திரும்பச் செய்ததும்தான்.

இரண்டு: அந்த நேரத்தை எனக்கு யார் கொடுத்தார்கள்? ஒரு நாளைக்கு மூன்று வேளை, வேளைக்கு முக்கால் மணி நேரம் பயிற்சி. ஐஸ் வைப்பது தனி. அந்த நேரத்தில் சோறு பொங்கியவள், துணி துவைத்தவள், என் மகளுக்குத் தலை பின்னியவள் ஊரிலிருந்து வந்த அம்மா. எழுபது வயதைத் தொட்டவள். இரண்டு முழங்காலும் தேய்ந்துபோனவள். ஒருநாள் குளியலறையிலிருந்து வாக்கரோடு திரும்பும்போது பார்க்கிறேன், அம்மா அடுப்பங்கரையில் குத்தவைத்துத் தரை துடைக்கிறாள். எழுந்திருக்க முடியாமல் சுவரைப் பிடித்து, கொஞ்சம் நின்று, மூச்சு வாங்கி எழுந்தாள். என்னைப் பார்த்ததும், "நீ போய் காலை நீட்டு" என்றாள்.

என் முழங்கால் எழுந்தது அம்மாவின் முழங்காலை ஊன்றித்தான். வீட்டில் திடகாத்திரமான ஆண் ஒருவர் இருந்தார். அவரும் கெட்டவர் இல்லை. மருந்து வாங்கி வந்தார், பில் கட்டினார். தரை துடைப்பது அவர் கண்ணில் படவே இல்லை. நான் சீக்கிரம் தேறிவிட்டேன் என்று உறவினர்கள் புகழ்ந்தார்கள். 'அவ தைரியசாலி' என்றார்கள். அந்தத் தைரியத்தில் ஒரு பகுதி அம்மாவின் குருத்தெலும்பிலிருந்து எடுத்தது என்பது என் மருத்துவக் கோப்பில் இல்லை.

அந்தத் தாளில் நான் மிகக் குறைந்த மதிப்பெண் போட்ட கேள்வி, மறுபடி அறுவை சிகிச்சையும் பயிற்சியும் பட வேண்டுமே என்ற நினைப்பு உங்களைத் தடுக்கிறதா என்பது. ஆம், தடுக்கிறது. இன்னொருமுறை விழுந்தால் கத்தியை நான் தாங்குவேன். இன்னொருமுறை அம்மாவைக் கூப்பிட முடியாது. சம்பளமில்லாத விடுப்பை இன்னொருமுறை கேட்கவும் முடியாது. இந்தப் பயத்தை மனப்பிரச்சினை என்று எந்த ஆலோசகரும் என்னிடமிருந்து நீக்க வேண்டாம். என் நிலைமையைப் பற்றிய சரியான அறிவு அது. நிலைமை மாறினால் தானாகக் குறையும்.

*

அந்தப் பிசியோதெரபி அறையில் எனக்குப் பக்கத்துக் கட்டிலில் ஒரு அக்கா இருந்தார். பீடி சுற்றுகிறவர். மொபெட்டிலிருந்து விழுந்து அவருக்கும் அதே ஜவ்வு கிழிந்திருந்தது. ஒவ்வொரு நாளும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்: "எப்பம்மா சம்மணம் போட்டு உக்காரலாம்?" மடியில் தட்டை வைத்து மணிக்கணக்கில் தரையில் உட்கார்ந்தால்தான் ஆயிரம் பீடி ஆகும். ஆயிரத்துக்குத்தான் கூலி. அவருக்கு மனவலிமைக்குக் குறைவே இல்லை. வலியோடு வளைத்துக் காட்டுவார். அவருடைய மடங்கும் அளவை பிசியோதெரபிஸ்ட் குறித்துக்கொள்வார். விளையாட்டைக் கேட்கும் அந்தத் தாளை அவரிடம் நீட்டியதே இல்லை.

எட்டாவது மாதம் அதே தாள் மறுபடி என்னிடம் வந்தது. இந்த முறை மதிப்பெண்களைப் போட்டுவிட்டு, தாளின் பின்பக்கத்தில் தமிழில் சில கேள்விகள் எழுதினேன். நீங்கள் பயிற்சி செய்யும்போது உங்கள் வேலையை யார் செய்கிறார்கள்? அவர்களுடைய முழங்கால் எப்படி இருக்கிறது? எத்தனை நாள் சம்பளம் போயிற்று? உங்கள் கூலிக்கு முழங்கால் எவ்வளவு மடங்க வேண்டும்? விளையாட்டை எந்த வயதில் நிறுத்தினீர்கள், யார் நிறுத்தினார்கள்?

அந்தப் பெண் நின்றபடியே படித்தார். கடைசிக் கேள்வியில் கொஞ்ச நேரம் கண்ணை வைத்திருந்தார். "நான் வாலிபால் மேடம். பிளஸ் ஒன்ல" என்றார். பிறகு தாளைத் திருப்பி, முன்பக்கத்தில் விளையாட்டு என்று இருந்த இடத்தைக் காட்டி, "இதுல என்ன போட?" என்று கேட்டார்.

கபடி என்று போடச் சொன்னேன்.